மீசைக்கு 'முக ஆய்வு' என்று பேக்கேஜ் விற்கிறார்கள், உஷார்

"உங்க முகத்துக்கு எந்த மீசை பொருந்தும்னு கம்ப்யூட்டரே சொல்லிடும் சார்" என்று எந்த சலூனிலாவது சொன்னால், நாற்காலியில் உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மேலுதடு முழுக்க நிறைந்த கத்தை மீசையோடு உள்ளே போனேன். வெளியே வரும்போது உதட்டு ஓரமாக ஒரு கருப்புக் கோடு மட்டும்தான் மிச்சம். மறுநாள் சாயங்காலம் உதடும் வீங்கிவிட்டது. பணம் போனது தனிக்கணக்கு.

கூட என் மச்சானும் வந்திருந்தார். அவர் வந்ததால்தான் இந்த ஏமாற்று வேலை வெளிச்சத்துக்கே வந்தது. முதலில் என்னை உட்கார வைத்து, ஒரு டேப்லெட்டை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். திரையில் என் முகத்தின் மேல் பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் ஓடின. நெற்றி, கன்னம், தாடை என்று ஏதேதோ அளந்துவிட்டு, 'ஓவல்' என்றது. மூக்கு அகலமாம், அதனால் மெல்லிய பென்சில் மீசைதான் எடுப்பாக இருக்குமாம். நடுவில் முடி குறைவாக இருக்கும் இடத்தைச் சாயம் பூசி நிரப்பிவிட வேண்டுமாம். சாயம் எந்த பேக்கேஜில் வருகிறது என்று கேட்கிறீர்களா? இருப்பதிலேயே விலை கூடியதில்.

அப்புறம் மச்சான் முறை. அவருக்குச் சதுர முகம். தாடை இரண்டு பக்கமும் விரிந்து, கன்னம் உப்பி இருக்கும். என் முகமோ ஒடுங்கி நீண்டது. எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும் சின்னப் பிள்ளைகூட இரண்டும் ஒரே வடிவம் என்று சொல்லாது. அவருக்கும் 'ஓவல்'. அவருக்கும் மூக்கு அகலம். அதே பென்சில் மீசை, அதே சாயம், அதே பேக்கேஜ். "மாப்ள, இது யாரு மூஞ்சியையும் பாக்கல, நம்ம பையத்தான் பாக்குது" என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உருவிக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்கு அதற்குள் ஒரு பக்கம் வெட்டியாகிவிட்டது. பாதி மீசையோடு யார் எழுந்து போவது?

அந்தப் படத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் செல்ஃபி எடுத்துச் செயலிகளில் மீசை ஒட்டிப் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். கேமராவை முகத்துக்கு மிக அருகில் வைத்தால், அதற்குப் பக்கத்தில் இருக்கும் உறுப்பு பெரிதாகத் தெரியும். முகத்தில் முன்னால் துருத்தி நிற்பது மூக்கு. ஜாமா ஃபேஷியல் பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் 2018-இல் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள்: சுமார் 12 அங்குலத் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் ஆண்களின் மூக்கு, முக அகலத்தோடு ஒப்பிட்டால், 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. 5 அடி தள்ளி நின்று எடுத்தால் இந்தக் கோளாறு கிட்டத்தட்ட இல்லை. ஒரு சாண் தூரத்தில் டேப்லெட்டை நீட்டினால் யாருக்குத்தான் மூக்கு அகலமாகத் தெரியாது? ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் அகல மூக்குதான்.

சரி, மூக்கு உண்மையிலேயே அகலம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர்கள் சொன்ன மருந்து தப்பு. அகல மூக்குக்குக் கீழே ஒடுக்கமான, மெல்லிய மீசை வைத்தால் கண் நேராக மூக்குக்குத்தான் போகும். மூக்கைச் சற்று அடக்கிக் காட்ட வேண்டுமென்றால் மீசை அதைத் தாண்டி இரண்டு பக்கமும் நீள வேண்டும், கொஞ்சம் கனமும் வேண்டும். இது கத்தரி பிடித்துப் பழகிய எந்தப் பழைய ஆளுக்கும் தெரிந்த சங்கதி.

வட்ட முகம், நீள முகம், சதுர முகம் என்று சுவரில் மாட்டியிருக்கும் படம் முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வட்ட முகத்துக்கு ஓரங்கள் கீழே இறங்கும் மீசை முகத்தைச் சற்று நீட்டிக் காட்டும். நீள முகத்துக்குப் பக்கவாட்டில் அகன்ற மீசை நீளத்தைக் குறைத்துக் காட்டும். இவ்வளவுதான் அந்தப் படத்தில் உள்ள விஷயம். இதற்கு டேப்லெட் எதற்கு, கண்ணாடி போதும். ஆனால் மீசை உட்காரும் இடம் முகம் முழுதும் இல்லை, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடம். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த இடைவெளி பெரிதாக இருப்பவர்கள் மெல்லிய கோடு வைத்தால் மேலுதடு வெறிச்சென்று நீளமாகத் தெரியும். எனக்கு நடந்தது அதுதான். கத்தை மீசை அத்தனை நாளாக மறைத்து வைத்திருந்த இடம் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. இடைவெளி சின்னதாக இருப்பவர்களுக்கு நேர் எதிர்: அடர்ந்த மீசை உதட்டின் மேல் கவிழ்ந்து, வாய் எங்கே என்று தேட வைக்கும். சாப்ளின் தன் நாடோடி வேஷத்துக்கு 1914-இல் சின்ன ஒட்டு மீசையைத் தேர்ந்தெடுத்த காரணமே இதுதான். வயது கூடித் தெரிய வேண்டும், ஆனால் முகபாவம் மறையக்கூடாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இன்னொன்று, முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்பது. விரல் நுனியால் மீசையை நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவிப் பாருங்கள், பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவுங்கள். எந்த இடத்தில் விரல் தடைபடுகிறதோ அங்கே முடி திசை மாறுகிறது. எனக்கு வலது மூக்குத் துவாரத்துக்குக் கீழே ஒரு கொத்து முடி கீழே வராமல் பக்கவாட்டில் படுத்து வளரும். நீளமாக இருக்கும்போது சீப்பு வைத்துப் படியவைத்தால் சமாளித்துவிடலாம். ஒட்ட வெட்டினால் அந்த இடம் சொட்டையாகத் தெரியும். முறுக்கு மீசைக்கு ஆசைப்படுபவர்களும் இதைத்தான் பார்க்க வேண்டும். ஓர முடி கீழ்நோக்கி அடம்பிடித்தால் எவ்வளவு மெழுகு போட்டாலும் மத்தியானத்துக்குள் தொங்கிவிடும். படம் எடுத்தவர் என் மீசையை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: மீசையில் சீப்பு வைப்பதற்கு முன்பே எந்த ஸ்டைல் என்று சொல்லிவிட்டால், அந்த முடிவு நீங்கள் வாசலில் நுழையும் முன்பே எடுக்கப்பட்டது.

வெட்டிய லட்சணம் இன்னும் மோசம். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்தார். ஈர முடி நீண்டு கிடக்கும். அந்த அளவுக்கு வெட்டினால் காய்ந்தபின் மேலே ஏறிக்கொள்ளும். மீசையை உலர்ந்திருக்கும்போது, வாயை இயல்பாக மூடி, தலையை நேராக வைத்துத்தான் ஒதுக்க வேண்டும். இவர் என் தலையைப் பின்னால் சாய்த்து, "கொஞ்சம் சிரிங்க சார்" என்று சொல்லி, உதடு இழுபட்ட நிலையில் ட்ரிம்மரை வைத்தார். வாயை மூடிப் பார்த்தால் இடது பக்கம் மேலே ஏறியிருக்கிறது. அதைச் சரிசெய்ய வலதைக் கொஞ்சம், மறுபடி இடதைக் கொஞ்சம். குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான். யாருக்கும் முகத்தின் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. அனுபவமுள்ளவர் நடுவிலிருந்து ஆரம்பித்து, கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போவார். ஓரத்திலிருந்து ட்ரிம்மரால் ஆரம்பிப்பவரிடம் மூக்குக்குக் கீழே கோடுதான் மிஞ்சும்.

ஒன்று மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்: பிளேடைக் கண்முன்னால் புதிதாகப் பிரித்துப் போட்டார்கள். அதை எங்கே போனாலும் கேளுங்கள். ரத்தத்தின் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும்.

இப்போது சாயம். கோடு போட்டு முடித்ததும் நடுவில் இருந்த இடைவெளி பல்லை இளித்தது. "கலர் ஃபில் பண்ணிடலாம் சார், பேக்கேஜ்லயே வருது" என்றார். தோலில் சோதித்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் கெமிக்கல் டைக்குத்தான் சார். இது ஹெர்பல், அம்மோனியாவே கிடையாது." நீங்களும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். அம்மோனியா இல்லை என்பதற்கும் ஒவ்வாமை வராது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. கருப்புச் சாயங்களில் பெரும்பாலும் வம்பு செய்வது பாரா-ஃபினைலின்டையமின் என்ற பொருள், சுருக்கமாக பி.பி.டி. 'ஹெர்பல்', 'கருப்பு மருதாணி' என்று வரும் பொடிகள் பலவற்றிலும் அது இருக்கிறது. வெறும் மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும். பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கிறது என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

இதில் ஏமாற வைக்கும் விஷயம், ஒவ்வாமை உடனே காட்டாது. பூசிக் கழுவிய அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் வீக்கமும் நீர்க்கொப்புளமும் வரும். அதனால்தான் 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ ஒரு பொட்டு வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சாயப் பெட்டிகளிலேயே இதை அச்சடித்திருப்பார்கள். முன்பு பலமுறை போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதும் செல்லாது. உடம்பு ஒரு கட்டத்தில் அந்தப் பொருளை எதிரியாகப் பழகிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கடுமையாக வரலாம். தலையில் போட்டால் முடி கொஞ்சமாவது தடுக்கும். மீசையில் போட்டால் சாயம் நேராகத் தோலில் இறங்குகிறது, மூச்சு விடும் இடத்தில், உதட்டுக்குப் பக்கத்தில். எனக்கு உதட்டோடு நின்றது. கண் இமை வரை வீங்கியவர்களும், மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடியவர்களும் உண்டு. முகம் வீங்க ஆரம்பித்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கிளம்பும்போது விற்க முயன்ற சீரத்தைப் பற்றியும் இரண்டு வரி. மூன்று மாதம் தடவினால் நடுவில் புது முடி முளைக்குமாம். முடி முளைக்கும் வேர்க்கால்கள் பிறக்கும்போது இருப்பவைதான், புதிதாக உண்டாவதில்லை. இருக்கும் முடியைத் தடிக்க வைக்க மினாக்ஸிடில் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் அது தலைவழுக்கைக்கு அனுமதிக்கப்பட்டது, முகத்தில் போடுவதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சலூன்காரர் இல்லை. நான் வேண்டாம் என்றதும், "அப்போ ஒரு தடவை சுத்தமா மழிச்சிடுங்க சார், திக்கா வளரும்" என்று இலவச ஆலோசனை. மழிப்பதால் முடி தடிக்காது என்று அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார். மழித்த முடியின் முனை மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. மீசை முடி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வளரும். பழைய கத்தை மீசை திரும்ப வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வீங்கிய உதட்டோடு போய்க் கேட்டதற்கு, "உங்க ஸ்கின் சென்சிட்டிவ் சார்" என்றார்கள். சென்சிட்டிவா இல்லையா என்று பார்ப்பதற்குத்தானே அந்தச் சோதனை! பணம் திரும்பத் தர முடியாதாம். அடுத்த முறை வந்தால் 'ஸ்டைல் கரெக்‌ஷன்' இலவசமாம். வெட்டுவதற்கு முடியே இல்லாத இடத்தில் என்ன கரெக்‌ஷன்? ரசீதில் 'க்ரூமிங் பேக்கேஜ்' என்று ஒரே வரி. சாயம் பூசியதாகவே பதிவு இல்லை. என்ன சாயம், எந்த கம்பெனி என்று கேட்டதற்கு டப்பா தீர்ந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள்.

ஆகவே, பேக்கேஜுக்குத் தலையாட்டும் முன் சாயத்தை வேறாகப் பிரித்துக் கேளுங்கள். பிரிக்க முடியாது என்றால் எழுந்துவிடுங்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டு அரிப்பு வந்திருந்தால், தினம் ஒரு படம் எடுத்து வையுங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள், சாயப் பெட்டியில் உள்ள பொருள் பட்டியலைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தோல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையில் வழக்கமாகவே பி.பி.டி.யும் இருக்கும், எதனால் வந்தது என்பது அதில் தெரிந்துவிடும். எனக்கு அது பி.பி.டி. என்று உறுதியானது. அந்தச் சோதனைச் சீட்டின் நகலோடு எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான் அவர்கள் போனை எடுத்தார்கள். இப்போது பாதிப் பணம் தருகிறோம் என்கிறார்கள். நான் முழுதும் கேட்டிருக்கிறேன்.