டி.டி.பி. கடைக்குக் கிராக்கா, சந்தாவா, கட்டற்ற மென்பொருளா?

சிறிய அச்சகமோ டி.டி.பி. (கணினியில் பக்கம் வடிவமைத்துத் தரும்) மையமோ நடத்துபவர் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களின் பிரதிகளையே தொடர்ந்து ஓட்டலாம். அடோபி போன்ற நிறுவனங்களுக்குச் சந்தா கட்டலாம். அல்லது ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டற்ற (யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய) மென்பொருள்களுக்கு மாறலாம். எங்கள் அச்சகத்தில் மூன்றாவது வழியைத் தேர்ந்திருக்கிறோம். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

சட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆதாய நோக்கம் இல்லாதவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்ற சலுகை கடை வைத்திருப்பவருக்கு உதவாது. இருந்தும், மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ., 2017இல் இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 56 விழுக்காடு உரிமம் இல்லாதவை என்று கணக்கிட்டது; உலக அளவில் அது 37 விழுக்காடு. கணக்குப் போட்டவர்கள் விற்பனையாளர்கள் என்பதால் நான் அந்த எண்ணை முழுமையாக நம்புவதில்லை. ஆனாலும் டி.டி.பி. தொழிலில் இருக்கும் எவரும் அது மிகை என்று வாதாட மாட்டார்.

காரணம் வருமானம்தான். அமெரிக்க வடிவமைப்பாளருக்கு ஒரு சில நாள் வருவாயாக இருக்கும் ஆண்டுச் சந்தா, சிற்றூர் அச்சகத்தில் ஒரு தட்டச்சாளரின் சில மாதச் சம்பளத்தைத் தொட்டுவிடுகிறது. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. விற்பனையின்மேல் சிறு விழுக்காடு மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகள் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஏழை நாடுகளுக்கென்று மலிவாக விற்ற முயற்சிகளும் அரைமனதானவையாகவே இருந்தன. விண்டோஸ் எக்ஸ்பியின் ஸ்டார்ட்டர் பதிப்பில் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

சந்தாவுக்குரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பிலிருந்து தமிழ் யூனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்துகள் ஒழுங்காக அமைகின்றன. நான்கு வண்ண வேலையில் அதற்கு இணை அரிது. பல பக்க வண்ண மலர்களும் விளம்பரக் கையேடுகளும் வாரந்தோறும் செய்கிற கடைக்குச் சந்தா கட்டுப்படியாகும். ஆனால் 2013இல் அடோபி, ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் முறையைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. ஆகவே ஆடி மாதம் போன்ற வேலை மந்தமான காலத்தில் கட்டணத்தை நிறுத்தினால், சொந்தக் கோப்பையே திறக்க முடியாத நிலை வருகிறது. வாடகை கொடுக்காத வீட்டுக்குள் நம் பாத்திரங்கள் மாட்டிக்கொள்வதைப் போன்றது இது.

எங்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது விலையைவிடப் பழைய கோப்புகளின் கதிதான். சிற்றூர் அச்சகத்தின் வருமானத்தில் கணிசமான பகுதி மறுபதிப்பிலிருந்து வருகிறது. பில் புக், சங்க விதிமுறைப் புத்தகம், கோயில் தலபுராணம், பள்ளிக் கையேடு என்று எதுவானாலும், வாடிக்கையாளர் வந்து நின்று "போன தடவை அடிச்ச மாதிரியே, தேதியை மட்டும் மாத்திக் குடுங்க" என்பார். அந்தக் கோப்பு அப்போது திறக்க வேண்டும், எழுத்து எழுத்தாகத் தெரிய வேண்டும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

கிராக் பிரதி இங்கேதான் காலை வாரிவிடுகிறது. புதுப்பித்தால் கிராக் போய்விடும் என்பதால் மென்பொருளைப் புதுப்பிப்பதில்லை. அதே அச்சத்தில் விண்டோஸையும் புதுப்பிப்பதில்லை. கிராக் ஓட வேண்டும் என்பதற்காக ஆன்டிவைரஸையும் அணைத்து வைக்கிறோம். 2017 மார்ச்சிலேயே மைக்ரோசாப்ட் அடைத்துவிட்ட ஓட்டை வழியாகத்தான் அந்த ஆண்டு மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுவதும் புகுந்தது. புதுப்பிக்காத கணினிகளே அதற்கு இரையாயின. ஆனால் வைரஸைவிடப் பெரிய சேதம், கடை முழுவதும் ஒரு காலத்திலேயே உறைந்துபோவது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதற்கு யூனிகோட் தெரியாது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்ற பிறகும், கள்ளப் பிரதி தடையின்றிக் கிடைத்ததால், மாற வேண்டிய கட்டாயம் இல்லாமல் கடைகள் பாமினியிலும் அது போன்ற பழைய எழுத்துருக்களிலும் அடித்துக்கொண்டே இருந்தன. இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. பாமினியில் அடித்த கோப்பிலிருந்து எழுத்துருவை எடுத்துவிட்டால், 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். பேஜ்மேக்கர் கள்ளப் பிரதியாகவும் எழுத்துருத் தொகுப்பு காசு கொடுத்து வாங்கியதாகவும் இருந்த கடைகளும் உண்டு. அந்த எழுத்துருத் தொகுப்புகள் சிலவற்றின் டாங்கிள் (கணினியில் செருகினால்தான் எழுத்துரு வேலை செய்யும் பூட்டுக் கருவி) பழைய பேரலல் போர்ட்டில் செருகுவது, புதிய கணினியில் அந்தப் போர்ட்டே கிடையாது.

கட்டற்ற மென்பொருளின் பலம் இதற்கு நேர் எதிரானது. பக்கம் அமைக்கும் மென்பொருளான ஸ்கிரைபஸ் சேமிக்கும் கோப்பை நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். குறிகளுக்கு நடுவே தமிழ் வரிகள் தமிழாகவே இருக்கும். நாளை ஸ்கிரைபஸே இல்லாமல் போனாலும் உள்ளடக்கம் தொலையாது. எழுத்துருவுக்கும் தனிச் செலவில்லை: தமிழ் இணையக் கல்விக்கழகம் தருபவையும், நோட்டோ, கேட்டமரான், மீரா இனிமை போன்றவையும் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்பு ஸ்கிரைபஸைப் பரிந்துரைத்திருக்க முடியாது, ஏனெனில் 1.4 வரிசையில் கொம்பும் காலும் தமிழுக்குரிய இடத்தில் விழாது. 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலையான பதிப்பு அந்தக் குறையைப் போக்கியிருக்கிறது. பி.டி.எப். கோப்பை அச்சுக்குரிய நான்கு வண்ண முறையான சி.எம்.ஒய்.கே. வண்ணத்தில் எடுத்துப் பிளேட் போடும் இடத்துக்கு அனுப்புவதிலும் சிக்கல் இல்லை.

பழைய கோப்புகளை ஒரே மூச்சில் மாற்ற முயல வேண்டாம். மறுபதிப்புக்கு வரும்போது மாற்றினால் போதும். லிப்ரே ஆபிஸின் டிரா, 2015இல் வந்த 4.4 பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கிறது. பக்க அமைப்பு கலைந்து வந்தாலும் உரையை எடுத்து என்.எச்.எம். கன்வர்ட்டர் வழியாக யூனிகோடாக்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய எழுத்துரு ஆங்கில விசைகளின்மேல் அமைந்தது என்பதால், இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் கன்வர்ட்டர் தமிழாக்கிவிடும். அழைப்பிதழில் மருத்துவரின் பட்டமும் மின்னஞ்சல் முகவரியும் பொருளற்ற எழுத்துக் குவியலாகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் முதலில் அந்த இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

குறைகளும் இல்லாமலில்லை. ஸ்கிரைபஸில் அட்டவணை வசதி பலவீனமானது. பஞ்சாங்கம், நாட்காட்டி போன்ற கட்டம் நிறைந்த வேலைகளுக்கு அது பொறுமையைச் சோதிக்கும். பிளெக்ஸ் பேனர் தொழிலில் இருப்பவருக்கு என் வழியைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அங்கே எல்லாரும் கோரல்டிரா கோப்பைத்தான் கைமாற்றிக்கொள்கிறார்கள். இங்க்ஸ்கேப்பில் அதைத் திறந்தால் நிழலும் நிறச் சாயலும் பல நேரம் மாறிவிடும். அவர்கள் கோரலின் உரிமம் ஒன்றை வாங்கி ஒரே கணினியில் வைத்துக்கொள்வது மேல். எங்களுடையது ஒற்றை வண்ணமும் இரண்டு வண்ணமும் மிகுந்த ஆப்செட் கடை; முழு வண்ணப் பட வேலை குறைவாகவே வருவதால், போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் எவ்வளவு தாங்கும் என்பதில் என் அனுபவம் மெலிந்ததே. வேலைக்கு வரும் ஆபரேட்டர்கள் முதல் நாளே கோரல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் சிலர் மறுநாள் வருவதில்லை. எஞ்சியவர்கள் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளும் வரை வேலை மெதுவாகத்தான் நகர்கிறது.