ரிட்டயர்மெண்ட் வில்லேஜ்ல டெபாசிட் கட்டப் போறீங்களா, இத படிச்சிட்டுப் போங்க (என் 12 லட்சம்)

பேர் சொல்ல மாட்டேன், வக்கீல் வேணாம்னுட்டார். பெங்களூர் பக்கம் தேவனஹள்ளி தாண்டி இருக்கிற ஒரு சீனியர் லிவிங் கம்யூனிட்டின்னு மட்டும் வச்சுக்கோங்க. 12 லட்சம் ரூபா அவங்ககிட்ட மாட்டிக்கிட்டு நிக்குது. இன்னிக்கு காலைல அவங்க அனுப்பின மெயில பாத்ததுலேருந்து ஒரு வேலையும் ஓடல, அதான் எழுத உக்காந்துட்டேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் டெலிஃபோன் கருவி செய்யற ஐடிஐ ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. வீட்டுக்காரர் போனப்புறம் அல்சூர்ல மூணாவது மாடில தனியா இருந்தேன், லிஃப்ட் கிடையாது, முட்டி வலி வேற. பையன் கனடால, பொண்ணு புனேல. ரெண்டு பேருமே வா வான்னுதான் கூப்பிடறாங்க, எனக்குத்தான் இஷ்டமில்ல. அவங்க ஆபீஸ் கிளம்பினதும் சாயங்காலம் வரைக்கும் நாலு சுவத்தையும் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது. என் வீட்டு சாவி என் இடுப்புல இருக்கணும், நெனச்சப்ப காப்பி போட்டுக்கணும், பேச நாலு பேர் வேணும். கேட்டது இவ்வளவுதான். சொந்தக்காரங்க எல்லாம் "முதியோர் இல்லத்துக்கா போற, புள்ளைங்க இருக்கும்போதே"ன்னு ஆரம்பிச்சாங்க. அது வேற இது வேறன்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன், இப்பவும் போடுவேன். கோயம்புத்தூர் பக்கம் இப்படி நிறைய இருக்கு, என்கூட வேலை பாத்தவங்க ஒருத்தங்க அங்க போய் நல்லா இருக்காங்க, கோலாட்டம் எல்லாம் கத்துக்கிட்டாங்க. அவங்கள பாத்துதான் எனக்கே இந்த எண்ணம் வந்துச்சு.

ட்ரையல் ஸ்டேன்னு ரெண்டு ராத்திரி கூப்பிட்டாங்க. அங்க மேனேஜர் தம்பி தமிழ்ப் பையன், சேலமாம். "அம்மா, உங்க பையன் கனடால இருந்தா என்ன, நான் இங்க இருக்கேன்ல"ன்னு சொல்லி என் பைய வாங்கித் தூக்கிட்டு முன்னாடி நடந்தான். டைனிங் ஹால்ல ஒரே கலகலப்பு. கேரம் ஆடறாங்க, ஒருத்தர் தியாகராஜர் கீர்த்தனை பாடறார், என் வயசுல ஒரு அம்மா பல்லாங்குழிய எடுத்து வச்சுக்கிட்டு "வாங்க உக்காருங்க"ன்னு கூப்பிட்டாங்க. திருச்சிக்காரங்க. சோழிய அள்ளிப் போட்டுக்கிட்டே பேசினோம் பேசினோம் அப்படிப் பேசினோம், வீட்டுக்காரர் போனப்புறம் நான் அவ்வளவு சிரிச்சதே இல்ல. ஃபோன் நம்பர் வாங்கிக்கிட்டேன். அன்னிக்கே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன், இதான் என் எடம்னு.

12 லட்சம் ரீஃபண்டபிள் டெபாசிட், மாசம் 38,000 சாப்பாட்டோட. சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல 2023-ல போட்டு வச்சிருந்த பணம் அது, 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருக்கா 24,600 ரூபா வட்டி வந்துட்டிருந்துச்சு. ரெண்டு வருஷம் முடிஞ்சிருந்ததால நடுவுல உடைச்சதுக்கு ஒரு சதவீதம், 12,000 ரூபா பிடிச்சாங்க. அதுவும் போகட்டும்னு உடைச்சுதான் கட்டினேன். "டெபாசிட் எப்ப வேணா திரும்ப வாங்கிக்கலாம்மா, பேங்க்ல இருக்கிற மாதிரிதான்"னு அந்தப் பையன் என் கையப் புடிச்சு சொன்னான்.

சாமானோட போய் எறங்கினா ஊரே காலி. முக்கால்வாசி வீடு பூட்டிக் கெடக்கு, இன்வெஸ்ட்மெண்ட்டுக்கு வாங்கிப் போட்டவங்களாம், சனி ஞாயிறு குடும்பத்தோட வந்து சத்தம் போட்டுட்டுப் போவாங்க. கேரம் ஆடினவங்களும் இல்ல, பாடினவரும் இல்ல. அந்தத் திருச்சி அம்மாவத் தேடி அலைஞ்சிட்டு ஃபோன் பண்ணா அவங்க சொல்றாங்க, "நான் அங்க இருக்கறவ இல்லம்மா, எங்க வீடு பானஸ்வாடில. சிட்டிக்குள்ள அவங்க ஒரு டே கிளப் நடத்தறாங்க, அதுல நாங்க மெம்பர். அன்னிக்கு பிக்னிக்னு சொல்லி வேன்ல கூட்டிட்டு வந்தாங்க, நீங்கதான் அங்க குடியிருக்கீங்கன்னு நான் நெனச்சேன்". எனக்கு அப்படியே கை கால் ஓடல. அவங்களையும் ஏமாத்தி, அவங்கள காட்டி என்னையும் ஏமாத்தியிருக்காங்க. ரூம் சரியில்ல சாப்பாடு சரியில்லன்னா பொறுத்துக்கலாம், ஒரு மனுஷி பேச்சுத்துணைக்கு ஏங்கறத தெரிஞ்சுக்கிட்டு அதையே காட்டி 12 லட்சம் வாங்கறது எந்த ஊர் நியாயம்?

24 மணி நேர நர்ஸ்னாங்க, ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பொண்ணு வண்டி ஏறிப் போயிடும். சிட்டிக்கு வாரம் ரெண்டு வாட்டி ஷட்டில்னாங்க, வண்டி சர்வீஸுக்குப் போனது திரும்பியே வரல. மெயின் ரோட்டுக்கு நடந்தாதான் ஆட்டோ, தனியா சுதந்திரமா இருக்கணும்னு வந்தவ மாத்திரை வாங்கக்கூட வாட்ச்மேன கெஞ்சற நிலைமை. 38,000-ங்கறது 46,000 ஆச்சு, ஜிஎஸ்டி தனி.

ஒரு நாள் ராத்திரி பாத்ரூம்ல வழுக்கிட்டேன். கமோடு பக்கத்துல செவப்புக் கயிறு தொங்குது, இழுத்தா உடனே ஆள் வருவாங்கன்னு ட்ரையல் அன்னிக்கு பெருமையா காட்டினாங்க. இழுத்தேன். இழுத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் வரல. தவழ்ந்து வெளில வந்து ஃபோன எடுத்து பையனுக்குப் போட்டு, அவன் கனடாலேருந்து செக்யூரிட்டிக்குப் போட்டு, அப்புறமா வாட்ச்மேன் டார்ச்ச எடுத்துட்டு வந்தார், அவர்கிட்ட வீட்டு சாவி இல்ல. நல்லவேளை எலும்பு ஒடையல. மறுநாள் எலெக்ட்ரீஷியனக் கூட்டிட்டு வந்து ஸ்விட்ச் ப்ளேட்ட கழட்டச் சொன்னேன். கயிறு ப்ளேட்டோட நிக்குது, பின்னாடி வயரே இழுக்கல, வயர் வர வேண்டிய கன்ட்யூட் பைப் வாய்ல சிமெண்ட் அடைச்சிருக்கு. ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

காலி பண்றேன்னு அன்னிக்கே எழுதிக் குடுத்தேன். அதோட அந்தத் தம்பி ஃபோன் எடுக்கறத நிறுத்திட்டான். "என் பையன் மாதிரி"ன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்த பையன். ஆபீஸ்ல கேட்டா அக்கவுண்ட்ஸ்ல ப்ராசஸ் ஆகுதுன்னாங்க, அப்புறம் ஆடிட் நடக்குது, அப்புறம் சைன் பண்ண வேண்டியவர் துபாய்ல. நேர்ல போனா ரிசப்ஷன்ல ஜூஸ் குடுத்து உக்கார வச்சு சாயங்காலம் வரைக்கும் யாரும் வெளில வரல. கனடாலேருந்து என் பையன் பேசினதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா, "சார், உங்க மதருக்கு கொஞ்சம் மறதி ஆரம்பிச்சிருக்குன்னு நினைக்கிறோம், ஒரு டாக்டர பாத்துடுங்க". முப்பது வருஷத்துக்கு மேல ரிலேவும் சர்க்யூட்டும் செக் பண்ணி சீல் வச்சவ நான். எனக்கா மறதி? பணத்தக் கேட்டா பைத்தியக்காரப் பட்டம். அத என் பையன் என்கிட்ட சொல்லத் தயங்கித் தயங்கி சொன்னதுதான் எனக்குத் தாங்கல.

இன்னிக்கு வந்த மெயில்ல சொல்றாங்க, அந்த வீட்டுக்கு வேற ரெசிடென்ட் வந்து டெபாசிட் கட்டினாத்தான் என் 12 லட்சம் தருவாங்களாம், அதுலயும் பெயிண்டிங், டீப் கிளீனிங், அட்மின் சார்ஜ் கழிப்பாங்களாம். அக்ரிமெண்ட்ல பின்னாடி சேக்கற அனெக்ஷர்ங்கற இணைப்புல அந்த வரி இருக்காம். கையெழுத்து வாங்கினப்ப என்கிட்ட அந்த அனெக்ஷர குடுக்கவே இல்ல, கம்பெனி சீல் வச்சு அப்புறம் கூரியர்ல அனுப்பறோம்னாங்க. முக்கால்வாசி வீடு பூட்டிக் கெடக்கற எடத்துல என் வீட்டுக்குன்னு எவன் வருவான்? அடுத்த ஒருத்தரையும் வேன் ஏத்திக் காட்டி ஏமாத்தினாத்தான் எனக்குப் பணம் வரும்னு அர்த்தம்.

கன்ஸ்யூமர் கமிஷன்ல கேஸ் போடறேன். 12 லட்சத்துக்கு ஃபீஸ் 400 ரூபாதான், நாம குடியிருக்கற ஜில்லாலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915-ல கூப்பிட்டு புகார் பதிஞ்சாச்சு. மத்திய அரசு 2019-லயே ரிட்டயர்மெண்ட் ஹோமுக்குன்னு மாதிரி வழிகாட்டுதல் போட்டிருக்கு, மாநிலங்கள் எடுத்து அமல் பண்ணாத்தான் அதுக்குப் பல்லு, இல்லன்னா காயிதம்தான்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், முடியல, படபடன்னு வருது. அவசரமா சொல்றேன். சொல்லாம கொள்ளாம ஒரு செவ்வாக்கெழமை மத்தியானம் போங்க, எத்தனை வீட்டுக் கொடில துணி காயுதுன்னு பாருங்க. டெபாசிட் எத்தனை நாள்ல திரும்பும்னு தேதிக்கணக்கு எழுதாத பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, அனெக்ஷரோட மொத்தமா கைல வாங்குங்க. அந்த செவப்புக் கயித்த நீங்களே இழுத்துப் பாருங்க, ராத்திரில. சொந்தமா வாங்கறவங்களுக்கு ரெரான்னு ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கு, ஒப்பந்தத்த பதிவு பண்ணாம விலைல 10 சதவீதத்துக்கு மேல கேட்டா குடுக்காதீங்க. என்ன மாதிரி டெபாசிட் கட்டி இருக்கப் போறவங்க, ஏற்கனவே காலி பண்ணிட்டுப் போனவங்க ரெண்டு பேர் நம்பர் கேளுங்க, தரலன்னா திரும்பிப் பாக்காம வந்துடுங்க.

இதே எடத்துல பணம் மாட்டினவங்க யாராவது இருந்தா, தேவனஹள்ளி பக்கம்னா நான் சொல்றது உங்களுக்கே புரியும், எனக்கு மெசேஜ் போடுங்க, சேந்து கேஸ் போட்டா பலமா இருக்கும்னு வக்கீல் சொல்றார். அஞ்சு மணிக்கு அவரப் பாக்கணும், அந்த ஃபோட்டோவ எல்லாம் பிரிண்ட் போடணும், கிளம்பறேன்.