அலுமினியத்தில் துளையிட எந்த டிரில்: எச்எஸ்எஸ்ஸா, கார்பைடா, டிஎல்சியா, பிசிடியா?

டிரில் வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் கேட்பது, "அலுமினியத்துக்கு எட்டு எம்எம் ஒண்ணு கொடுங்க" என்றுதான். எந்த அலுமினியம், அதில் சிலிக்கான் எவ்வளவு என்ற பாதி விஷயம் அதில் விட்டுப்போகிறது. அது தெரியாமல் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) நல்லதா, கார்பைடு (டங்ஸ்டன் கார்பைடு) நல்லதா என்று வாதிடுவதில் பயனில்லை. ஒரு ஜாபில் வாரக்கணக்கில் ஓடிய அதே டிரில், இன்னொரு ஜாபில் ஒரு ஷிஃப்டுக்குள் மழுங்கிவிடும்.

6061, 7075 போன்ற அலாய்களில் (கலப்பு உலோகங்கள்), அதாவது பிளேட், பார் வகைகளில், சிலிக்கான் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இவற்றில் டிரில் தேய்ந்து கெடுவதைவிட ஒட்டிக் கெடுவதே அதிகம். சூட்டிலும் அழுத்தத்திலும் அலுமினியம் வெட்டுமுனையில் பற்றிக்கொண்டு தானே ஒரு முனையாக வளர்ந்துவிடும். ஷாப்பில் பில்ட்-அப் எட்ஜ் என்பது இதைத்தான். கொஞ்ச நேரம் வளரும், பிய்த்துக்கொண்டு போகும், மறுபடி வளரும். போகும்போது முனையிலிருந்தும் ஒரு துணுக்கைக் கொண்டுபோகும். அடுத்தடுத்துப் போட்ட துளைகள் ஒவ்வொன்றும் ஒரு அளவில் வருவதும், உள்சுவரில் கீறல் விழுவதும் இதனால்தான்.

காஸ்டிங்கில், அதாவது வார்ப்பில், நிலைமை வேறு. எல்எம்25 என்ற வார்ப்பு அலாயில் சிலிக்கான் 6.5 முதல் 7.5 சதவீதம், பிரஷர் டை காஸ்டிங்குக்குப் போகும் ஏடிசி12-இல் 9.6 முதல் 12 சதவீதம். சிலிக்கான் துகளின் கடினம், விக்கர்ஸ் என்ற கடின அளவில், சுமார் 1,000. நல்ல எச்எஸ்எஸ் டிரில் 800-900 விக்கர்ஸ். கார்பைடு 1,500-ஐத் தாண்டும். இந்த மூன்று எண்ணிலேயே பாதி முடிவு இருக்கிறது. காஸ்டிங்கில் எச்எஸ்எஸ் முனை தன்னைவிடக் கடினமான துகள்மீது ஓடுகிறது. சாணைக்கல்லில் கத்தியைத் தவறான பக்கம் பிடித்து இழுப்பது போல, ஒவ்வொரு சுற்றும் அதை மழுக்கிக்கொண்டே போகும்.

இதற்காக எச்எஸ்எஸ்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. 6061 பிளேட்டில் பில்லர் டிரில்லிங் மெஷினில் போல்ட் ஹோல் போடுகிறீர்கள் என்றால் எச்எஸ்எஸ்தான் சரி. முனையைக் கத்தி போலக் கூர்மையாக்கலாம். ஸ்பிண்டில் கொஞ்சம் ஆடினாலும் உடையாது. மழுங்கினால் அங்கேயே சாணை பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்டீலுக்கு வைத்திருக்கும் சாதாரண டிரிலை எடுத்துப் போடாதீர்கள். 35-40 டிகிரி ஹெலிக்ஸ் (முறுக்குக் கோணம்), அகலமான ஃப்ளூட் (டிரிலின் முறுக்குப் பள்ளம்), பாலிஷ் செய்த பரப்பு உள்ள அலுமினிய ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சிப், அதாவது வெட்டிய துருவல், வெளியே ஓடினால்தான் துளை துளையாக இருக்கும். ஃப்ளூட்டில் சிப் அடைத்துக்கொண்டால் டிரில் அந்த நொடியே சிக்கி முறியும்.

எம்35 என்கிற கோபால்ட் டிரிலை அலுமினியத்துக்கென்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. கோபால்ட் உதவுவது சூட்டில் கடினம் குறையாமல் இருக்கத்தான். அலுமினியம் உருகுவதே 660 டிகிரி செல்சியஸில். அலாய்கள் அதற்கும் முன்பே இளகிவிடும். எம்2 என்ற சாதாரண எச்எஸ்எஸ் டிரிலே கிட்டத்தட்ட 600 டிகிரி வரை தாங்கும். அந்தக் கூடுதல் பணத்தை நல்ல கிரைண்டிங்குக்குக் கொடுங்கள்.

எச்எஸ்எஸ் தோற்பது அளவில். 8 மி.மீ. டிரில் போட்ட துளை 8.05, 8.1 என்று பெரிதாவது வழக்கம். போல்ட் ஹோலுக்கு அது போதும். டோவல் பின்னுக்கு (பாகங்களை இடம் மாறாமல் பொருத்தும் ஊசி) எச்7 என்ற அளவுத் துல்லியம் வேண்டுமென்றால், அதாவது 15 மைக்ரானுக்குள் நிற்க வேண்டுமென்றால், சிறிய டிரில் போட்டு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் கருவி) விட்டே ஆக வேண்டும்.

சாலிட் கார்பைடு ஜெயிப்பது இங்கேதான். விறைப்பில் அது ஸ்டீலைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் நுழையும் இடத்தில் அலையாது. சென்டர் டிரில் இல்லாமலேயே பெரும்பாலும் நேராக இறங்கும். அளவும் ஃபினிஷும் துளைக்குத் துளை மாறாமல் வரும். காஸ்டிங்கில் அதன் ஆயுள் எச்எஸ்எஸ்ஸை விடப் பல மடங்கு. விலையும் பல மடங்குதான். தினமும் நூற்றுக்கணக்கில் துளை போடுகிற ஷாப்பில் அது சீக்கிரமே ஈடாகிவிடும்.

ஆனால் கார்பைடுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. ரன்-அவுட், அதாவது சுழலும்போது டிரில் மையம் விலகி ஆடுவது, 0.02 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தேய்ந்த கோலெட்டில் (டிரிலைப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால், பில்லர் டிரில்லிங் மெஷினில் கையால் அழுத்தினால், முனை சில்லு தெறிக்கும். வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்எஸ்எஸ்ஸுக்கு வெட்டுவேகம் நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்தால் 8 மி.மீ. டிரிலுக்கு சுமார் 3,180 ஆர்பிஎம். கார்பைடுக்கு 200 மீட்டர் என்றால் 7,960. 8,000 ஆர்பிஎம் விஎம்சியில் (கணினியால் இயங்கும் செங்குத்து மெஷின்) அது சரியாகப் பொருந்தும். அதே மெஷினில் 3 மி.மீ. டிரில் போட்டால் முழு வேகத்திலும் 75 மீட்டருக்கு மேல் போகாது; எச்எஸ்எஸ்ஸின் வேகமே அதுதான். அங்கே கார்பைடால் நேரம் மிச்சமாகும் என்று நம்பி வாங்காதீர்கள். ஆயுளுக்காகவும் நேரான துளைக்காகவும் வாங்கலாம்.

கோட்டிங் விஷயத்தில்தான் கடைகளில் தவறான சரக்கு அதிகம் கைமாறுகிறது. கருநீல நிறத்தில் வரும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் ஸ்டீலுக்கானது. அதிலேயே அலுமினியம் இருப்பதால் ஜாபின் அலுமினியம் எளிதில் அதனோடு ஒட்டும். கோட்டிங்கின் தடிமன் முனையின் கூர்மையையும் குறைக்கும். 6061-க்கு அதைவிட, கோட்டிங்கே இல்லாத, பாலிஷ் செய்த கார்பைடு நிச்சயமாக மேல். டிஎல்சி என்னும் வைரம் போன்ற கார்பன் கோட்டிங் வேறு ரகம். மிக மெல்லியது, வழுவழுப்பானது, அலுமினியம் அதில் ஒட்டத் தயங்கும். கூலன்ட் குறைவாக விட்டு, காற்றோடு எண்ணெய்த் துளியைத் தெளித்து ஓட்டும் ஷாப்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். எமல்ஷன் (தண்ணீரில் எண்ணெய் கலந்த கூலன்ட்) தாராளமாக ஓடும் விஎம்சியில், கோட்டிங் இல்லாத கார்பைடுக்கும் டிஎல்சிக்கும் உள்ள வித்தியாசம் கூடுதல் விலைக்குத் தகுந்ததாக இருக்காது. சாணை பிடித்தால் முனையில் டிஎல்சி போய்விடும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

பிசிடி, அதாவது பாலிகிரிஸ்டலின் வைரமுனை, பெரிய அளவில் ஒரே ஜாபை ஓட்டுபவர்களுக்கு மட்டும். ஏ390 போன்ற 17 சதவீத சிலிக்கான் அலாயில், 1970-இல் வந்த செவர்லே வேகா காரின் என்ஜின் பிளாக் போன்றவற்றில், கார்பைடே திணறும், வைரம்தான் பதில். காஸ்டிங்கில் இரும்பு லைனரோ ஸ்டீல் புஷ்ஷோ பதித்திருந்தால் அந்தப் பக்கம் பிசிடியைக் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் வைரத்துக்கும் இரும்புக்கும் ஆகாது.

எந்த டிரிலாக இருந்தாலும் அது மழுங்குவதை முதலில் காட்டுவது துளையின் அடிப்பக்கம். கூர் போகப்போக அழுத்தம் ஏறும். டிரில் வெளியே வரும் இடத்தில் உலோகம் வெட்டுப்படாமல் தள்ளப்பட்டுப் பிசிறாக நிற்கும். நகத்தில் லேசாகத் தட்டுப்படுவது சகஜம். விளிம்பைச் சுற்றித் தொப்பி மாதிரி மடிந்து நின்றால் டிரிலைக் கழற்றிவிடுங்கள்.

அளக்கும்போதும் கவனம் வேண்டும். அலுமினியம் டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். ஜாப் 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 8 மி.மீ. துளை 9 மைக்ரான் பெரிதாகத் தெரியும். எச்7-இன் 15 மைக்ரானில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். மெஷினிலிருந்து எடுத்த கையோடு பிளக் கேஜ் (துளை அளவைச் சரிபார்க்கும் உருளை) விட்டு ஓகே சொன்ன ஜாப், ஆறியபிறகு கேஜை ஏற்காது. அதற்கு டிரிலைக் குறை சொல்ல முடியாது.

முனை தேய்ந்ததா, ஒட்டியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் டிரிலை காஸ்டிக் சோடா கரைசலில் கொஞ்ச நேரம் போட்டுவையுங்கள். ஒட்டிய அலுமினியம் கரைந்துவிடும். அடியில் இருக்கும் முனை அப்படியே தெரியும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்த இடத்தில், தீப்பொறி இல்லாத பக்கம் செய்யுங்கள். தூக்கிப் போட எடுத்துவைத்த டிரில்களில் சில இப்படிக் கழுவியபிறகு புதுசு போல வெட்டும்.

6061-க்கும் காஸ்டிங்குக்கும் தனித்தனி டிரில் வாங்க முடியாத ஷாப்பாக இருந்தால், புது கார்பைடை முதலில் 6061-இல் ஓட்டுங்கள். கூர் சற்றுக் குறைந்ததும் எல்எம்25-க்கு இறக்குங்கள். காஸ்டிங்கில் ஓடி முனை உருண்ட டிரிலை 6061-க்குக் கொண்டுவந்தால் முதல் சில துளைகளிலேயே ஒட்ட ஆரம்பித்துவிடும்.