டிஜிட்டல் மனித உருவங்கள்: மெட்டாஹ்யூமனா, டாஸா, மேக்ஹ்யூமனா?

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்காக யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் (கேம்களையும் செயலிகளையும் இயக்கும் மென்பொருள்) ஓடும் ஒரு செயலிக்கு முப்பரிமாண ஆட்களை உருவாக்கித் தரும் வேலை வந்ததால்தான், அப்படி ஆட்களைச் செய்யும் இந்த மென்பொருள்களை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள் ஆட்-ஆனாக (கூடுதல் இணைப்பாக) ஓடும் எம்பிஎஃப்பியை எடுத்துக்கொண்டேன். பழைய மேக்ஹ்யூமனின் பிளெண்டர் வடிவம் அது.

முகம் நிஜம்போல இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கணக்கு என்றால் மெட்டாஹ்யூமனை அடிக்க இந்தக் கூட்டத்தில் ஆளில்லை. சில முன்மாதிரி முகங்களைக் கலந்து, மூக்கு, தாடை என்று ஒவ்வொரு இடமாக இழுத்தாலே நம்பும்படியான ஒரு ஆள் வந்துவிடுகிறார். டாஸ் ஸ்டுடியோ இலவசம், அதன் கடையில் முடி, உடை, தோல் என்று கிடைக்காதது இல்லை, ரெண்டர் எடுப்பவர்களுக்கு, அதாவது உருவத்தைப் படமாக மாற்றி எடுப்பவர்களுக்கு, நல்ல தேர்வு. கேரக்டர் கிரியேட்டர் என்ற இன்னொரு மென்பொருள் காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஐகுளோன் என்ற அனிமேஷன் மென்பொருளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் அனிமேஷன் வேகமாக நடக்கும் என்கிறார்கள், ஆனால் நான் அதில் கை வைத்தது குறைவு, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது லைசென்ஸ். செய்து முடித்த உருவத்தை ஃபைலாகவே இன்னொருவர் கையில் கொடுக்கலாமா? படமோ வீடியோவோ கொடுப்பது வேறு, அசைக்க உதவும் எலும்புக்கூடும் உடல் வடிவமான மெஷ்ஷுமாக ஆளையே கொடுப்பது வேறு. டாஸில் முதலாவதற்குத் தடை இல்லை. ரெண்டர் எடுத்த படத்தைத் தாராளமாக விற்கலாம். ஆனால் அந்த உருவம் ஒரு கேமுக்குள்ளோ செயலிக்குள்ளோ போக வேண்டுமென்றால் இன்டராக்டிவ் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் ஆளுக்கு ஒன்று என்று இல்லை, அவர் போட்டிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்று. தோலுக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று, காலணிக்கு ஒன்று. சில பொருள்களுக்கு அந்த லைசென்ஸே விற்பனையில் இருக்காது, ஆசையாகத் தேர்ந்தெடுத்த முடியைக் கழற்றிவிட்டு வேறு தேட வேண்டியதுதான்.

மெட்டாஹ்யூமன் இந்த விஷயத்தில் இப்போது எவ்வளவோ மேல். முன்பெல்லாம் அன்ரியல் என்ற கேம் எஞ்சினில்தான் ரெண்டர் எடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. 2025 ஜூனில் அன்ரியல் 5.6 வந்தபோது அதைத் தளர்த்தி, யூனிட்டி உட்பட மற்ற எஞ்சின்களிலும் பயன்படுத்த அனுமதித்துவிட்டார்கள். ஆனால் அனுமதி கிடைத்துவிட்டதால் வேலை குறைந்துவிடவில்லை. இழை இழையாக வரும் முடி, ஒளியில் தோல் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஷேடர், முகத்தை அசைக்கும் ரிக், இந்த மூன்றும் அன்ரியலுக்குள் இருக்கும்போதுதான் அந்த அழகைத் தருகின்றன. வெளியே எடுத்துப் போனால் ஒவ்வொன்றையும் திரும்ப அமைக்க வேண்டும்.

எம்பிஎஃப்பியில் நிம்மதி இங்கேதான். அதன் அடிப்படைத் தொகுப்பிலிருந்து செய்யும் உருவம் சிசி0 என்ற லைசென்ஸில் வரும், அதாவது கொடுக்கலாம், விற்கலாம், மாற்றலாம், யார் பெயரும் போட வேண்டாம். அடுத்த வருடம் கிளையன்ட் வேறு கம்பெனிக்கு வேலையை மாற்றினாலும் ஃபைலைத் தயங்காமல் அனுப்பலாம். பயனர்கள் பகிரும் உடை, முடிகளில் மட்டும் கவனம் தேவை. சிலவற்றுக்கு சிசி-பை லைசென்ஸ், அவற்றுக்குச் செய்தவரின் பெயரைப் போட்டாக வேண்டும். நான் ஒவ்வொன்றின் லைசென்ஸையும் அந்த ஃபைலின் பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆட்-ஆனை மட்டும் நிறுவினால் கண், பல், புருவம் எதுவும் இல்லாத மொட்டை உடல்தான் வரும். சிஸ்டம் அசெட்ஸ் தொகுப்பைத் தனியாக இறக்கிச் சேர்த்த பிறகுதான் அது ஆளாகத் தெரியும். இனத்துக்கு ஆப்பிரிக்க, ஆசிய, காகேசிய என்று மூன்று ஸ்லைடர்கள்தான், அந்தத் தொகுப்பின் தோல்களும் அதே மூன்று வகை. நம்மூர்த் தொழிலாளி முகம் வேண்டுமென்றால் மூன்றையும் கலந்து, அப்புறம் மூக்கையும் உதட்டையும் கையால் திருத்தி, தோல் நிறத்தை ஷேடரில் மாற்ற வேண்டும். அந்த நிறத்தையும் டெக்ஸ்சராக, அதாவது உடல்மேல் ஒட்டும் படமாக, பேக் (bake) செய்துதான் அனுப்ப வேண்டும், ஏனென்றால் பிளெண்டரில் ஷேடரை அமைக்கும் நோடுகள் யூனிட்டிக்குப் போகாது. நேரம் பிடிக்கும்தான். ஆனால் ஒரு முகத்துக்கு ஒருமுறை செய்துவிட்டால் அதை வைத்து வயதையும் உடல்வாகையும் மாற்றிப் பத்துப் பேரை உருவாக்கலாம், ஹெல்மெட் போட்டு நான்கடி தள்ளி நிற்கும் ஆட்களுக்கு அது தாராளமாகப் போதும்.

திரை நிறைய முகம் வைத்து வசனம் பேசவைக்கும் குறும்படம் என்றால் நானே மெட்டாஹ்யூமனுக்குப் போவேன். அப்போது ரெண்டரையும் அன்ரியலுக்குள்ளேயே வைத்துக்கொள்வேன், கிராபிக்ஸ் கார்டு தாங்குமா என்று முதலில் பார்த்துவிட்டு.