கிழக்கு வானத்தைப் பார்த்த பிறகு வாங்க வேண்டிய டிஷ்: மதுரை வீடுகளுக்கான எச்டி அலசல்

எச்டி தொலைக்காட்சிக்கு எந்த இணைப்பை வாங்கலாம் என்று மதுரையில் யாராவது கேட்டால், மாதக் கட்டணம், சேனல் தொகுப்பு, விளம்பரத்தில் வரும் நடிகர் ஆகிய எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு நான் முதலில் கேட்பது, அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கிழக்கிலும் தென்கிழக்கிலும் எவ்வளவு வானம் தெரிகிறது என்பதைத்தான். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் டிடிஎச் சேவைகள் அனைத்தும் அந்தத் திசையில் நிற்கும் செயற்கைக்கோள்களிலிருந்தே வருகின்றன. ஆனால் அவை வானில் ஒரே உயரத்தில் தெரிவதில்லை. இந்த உயர வேறுபாட்டை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

அதற்கு முன், ஆன்டெனா என்ற தெரிவை முடித்துவிடலாம். 1982இல் ரூபவாகினி தொடங்கிய பிறகு, தென் மாவட்டங்களில் நீண்ட குழாயின் உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டி இலங்கை ஒளிபரப்பைப் பிடித்த தலைமுறைக்கு, கம்பி ஆன்டெனா மீது இன்றும் ஒரு பாசம் உண்டு. ‘எச்டி ஆன்டெனா’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் பொருள்கள் அந்தப் பாசத்தை நம்பியே விலைபோகின்றன. ஆன்டெனாவுக்கு எச்டி, எச்டி அல்லாதது என்ற பேதம் கிடையாது. கோபுரத்திலிருந்து எச்டி வந்தால் மட்டுமே அது எச்டியைத் தரும். பழைய அனலாக் ஒளிபரப்பில் எச்டிக்கு இடமே இல்லை. அதையும் ஒரு சில நிலையங்கள் நீங்கலாக 2022க்குள் தூர்தர்ஷன் நிறுத்திவிட்டது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2016இல் 16 நகரங்களில் அறிமுகமானபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது சென்னை மட்டுமே. எனவே மதுரையில் எச்டிக்காக ஆன்டெனா வாங்குவது வீண் செலவு.

இனி டிஷ்ஷுக்கு வருவோம். டாட்டா ப்ளே பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளன. 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24 முழுவதும் அந்த நிறுவனத்துக்கே குத்தகைக்கு விடப்பட்டது. டி2எச் 88 பாகையிலும், தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 93.5 பாகையில் இருக்கும் ஜிசாட்-15இலும், டிஷ் டிவி 95 பாகையிலும், ஏர்டெல் 108.2 பாகையிலும் உள்ளன. சன் டைரக்ட் 93.5 பாகையையும் அதன் அண்டையிலுள்ள 91.5 பாகையையும் சார்ந்தது. மதுரை ஏறத்தாழ 78 பாகையில் இருப்பதால், எண் கூடக்கூடச் செயற்கைக்கோள் கிழக்கே விலகித் தாழ்ந்து தெரியும். கணக்கிட்டுப் பார்த்தால், 83 பாகைச் செயற்கைக்கோள் தெற்கிலிருந்து சற்றே கிழக்காக, அடிவானத்திலிருந்து 77 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. 93.5 பாகைக்குரியது தென்கிழக்குக்கும் கிழக்குக்கும் நடுவே 68 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. 108.2 பாகைக்குரியது கிழக்கிலிருந்து சற்றே தெற்காக, 53 பாகை உயரத்தில் இருக்கிறது.

இதை அடிக்கணக்கில் சொன்னால் இன்னும் விளங்கும். டிஷ்ஷிலிருந்து அந்தந்தத் திசையில் பத்தடி தள்ளி ஒரு சுவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 83 பாகையை மறைக்க அந்தச் சுவர் டிஷ்ஷுக்கு மேல் 43 அடி எழும்ப வேண்டும், 93.5 பாகையை மறைக்க 25 அடி போதும், 108.2 பாகையை மறைக்க வெறும் 13 அடி, அதாவது ஒரு மாடியும் கைப்பிடிச் சுவரும் போதும். மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடைப்பட்ட சந்துகளில், அடுத்த வீட்டுச் சுவரைக் கை நீட்டித் தொடும் தொலைவில் வாழ்பவர்களுக்கு இந்த மூன்று எண்கள்தான் முதல் வடிகட்டி. ஊமச்சிகுளத்திலோ திருமங்கலத்துக்கு அப்பாலோ தனி மனையில் வீடு கட்டியிருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்களுக்குத் தடையாவது பெரும்பாலும் தென்னை மரம்தான், அதுவும் ஆண்டுதோறும் வளர்வது.

வில்லாபுரத்தில் என் தாய்மாமா வீட்டில் நடந்தது இதுதான். மாடிப்படி அறையின் மேல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் இருந்தும், ஏறி இறங்கச் சிரமம் என்று டிஷ்ஷைக் கீழே கிழக்குக் கைப்பிடிச் சுவரோரம் பொருத்தியிருந்தார்கள். நான்கு ஆண்டுகள் நன்றாக ஓடியது. பிறகு பக்கத்து வீட்டில் இரண்டாம் மாடி எழும்பி, பூச்சு வேலை முடிவதற்குள் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு வாரத்தில் முழுவதுமாக நின்றுபோனது. எந்தச் சேவை என்பது இங்கே பொருட்டல்ல. டிஷ்ஷை எட்டடி மேலே ஏற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் மாமா இரண்டு முறை பெட்டியை மாற்றியிருந்தார்.

மழையையும் இந்த உயரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். டிடிஎச் அலைகள் கேயூ பட்டை எனப்படும் உயர் அதிர்வெண் வரிசையைச் சேர்ந்தவை. அவற்றின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே என்பதால் கனமழைத் துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. தாழ்வாக நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை மழைக்குள் சாய்வாக, கூடுதல் தூரம் கடந்து வருகிறது. 77 பாகை உயரத்தோடு ஒப்பிட்டால் 53 பாகை உயரத்தில் அந்தத் தூரம் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இடியோடு கொட்டும் மழையில் எந்த டிஷ்ஷும் சில நிமிடங்கள் தடுமாறும். எந்த நிறுவனமும் இதற்கு விலக்கல்ல. ஆனால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதிலாக 90 சென்டிமீட்டர் டிஷ் போட்டால் பிடிக்கும் பரப்பு இரண்டே கால் மடங்காகிவிடுவதால், தடுமாற்றம் கணிசமாகக் குறையும். பொருத்த வருபவரிடம் இதைக் கேட்டால் தேவையில்லை என்பார். தனியே வாங்கிக் கொடுத்தால் பொருத்திவிடுவார். பெரிய டிஷ்ஷுக்கு அதே அளவு உறுதியான பிடிமானமும் வேண்டும். உசிலம்பட்டி, தேனிப் பக்கம் ஆடிக் காற்று டிஷ்ஷின் முகத்தை ஒரு பாகை திருப்பிவிட்டாலே எச்டி சேனல்கள் உடைய ஆரம்பிக்கும். அழகர்கோவில் அடிவாரத்தில் அதே வேலையைக் குரங்குகள் செய்கின்றன.

இடம் எல்லாவற்றுக்கும் இசைகிறது என்றால், அடுத்தது இலவசமா, கட்டணமா என்ற கேள்வி. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை. டிஷ், அதன் முன்னே நீட்டிய கையில் அலையைப் பிடிக்கும் எல்என்பி, பெட்டி ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. இதில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. மலிவாகக் கிடைக்கும், எம்பெக்-2 என்ற பழைய படச் சுருக்க முறையில் இயங்கும் பெட்டியில் எச்டி வராது. டிடி நேஷனல் எச்டி போன்றவற்றைக் காண எம்பெக்-4 என்ற புதிய முறையின் எச்டி பெட்டி வேண்டும், அல்லது செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே பொதிந்த தொலைக்காட்சி வேண்டும். இத்தகைய தொலைக்காட்சிகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 18112 என்ற தரநிலையை 2022இல் வகுத்திருக்கிறது. நாட்டின் முக்கியத்துவம் கருதி அறிவிக்கப்படும் விளையாட்டுப் போட்டிகளைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழிச் சேவையிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் மட்டும் பார்ப்பவருக்கு இது பெரிய சலுகை. ஆனால் தமிழ்த் தொடர்களும் படங்களும் வேண்டும் என்பவருக்கு இதில் பசி அடங்காது. டிடி தமிழ் கிடைக்கும்; தனியார் சேனல்களில் பெரும்பங்கு இந்தி. 2011 டிசம்பரிலிருந்து ஓடும் சன் டிவி எச்டி முதலானவற்றுக்குக் கட்டண இணைப்பே வழி.

கட்டணச் சேவைகளுக்குள், சேனல் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், நான் எடைபோடுவது இரண்டை மட்டுமே. ஒன்று, மேலே சொன்ன உயரம். அதில் 83, 88 பாகைச் சேவைகள் நெருக்கமான தெருக்களில் முந்துகின்றன. மற்றது, செயற்கைக்கோள் பழுதானால் அந்த நிறுவனத்திடம் இருக்கும் மாற்று ஏற்பாடு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின் அமைப்பில் கோளாறு ஏற்பட்டுப் சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளில் பாதி அணைந்தபோது, அதை நம்பியிருந்த சன் டைரக்ட் 91.5 பாகைச் செயற்கைக்கோளுக்கு இடம்பெயர நேர்ந்தது. வீடு வீடாக டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது. விண்வெளியில் நடக்கும் கோளாறு நம் கைப்பிடிச் சுவர் வரை வரும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. ஒரு சேவையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது டிஷ், கேபிள் ஆகியவற்றைப் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம், பெட்டியை வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் மாடிகளை அலங்கரித்த ஆறடி, எட்டடி சி-பேண்ட் (கேயூவைவிட நீண்ட அலைகளைப் பிடிக்கும்) டிஷ்ஷை மீண்டும் நிறுவலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மழைக்கு அது அசையாது என்பது உண்மை. ஆனால் கட்டணச் சேனல்கள் அனைத்தும் கேபிள் நிறுவனங்களுக்காகப் பூட்டப்பட்டு வருவதால் வீட்டுப் பெட்டியில் திறக்காது. அருகில் 5ஜி கோபுரம் இருந்தால் அடுத்தடுத்த அலைவரிசை என்பதால் இரைச்சலும் சேரும். பொழுதுபோக்காகச் செய்யலாம், வீட்டின் தேவைக்காகச் செய்யக் கூடாது. வானமே தெரியாத சந்து வீடுகளுக்குக் கேபிள்காரரின் எச்டி பெட்டிதான் நேர்மையான விடை. அவருடைய நிலையத்தில் பெரிய டிஷ் இருப்பதால் மழை அதைத் தொடாது. தெருவில் மின்சாரம் போனால் மட்டும், நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் படம் வராது.

எந்தப் பெட்டி வந்தாலும் அதை எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே இணைக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய கம்பியில் இணைத்துவிட்டு எச்டிக்கு மாதாமாதம் பணம் கட்டும் வீடுகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் ஆர்ஜி-6 என்ற தடித்த வகையாக, இடையில் ஒட்டில்லாமல் ஒரே துண்டாக இருப்பது நல்லது. வெளியே கேபிள் முனையில் திருகப்படும் எஃப் கனெக்டருக்குள் நீர் இறங்கிக் களிம்பு பிடித்தால் ஒரே மழைக்காலத்தில் சிக்னல் பாதியாகிவிடும். திரையின் அளவும் முக்கியம். 32 அங்குலத் திரையை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் சாதாரண ஒளிபரப்பின் 576 வரிகளே கண்ணுக்கு ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அங்கே எச்டியில் தெரியும் தெளிவு பெரும்பாலும் குறைவாகச் சுருக்கி அனுப்பப்பட்ட படத்தின் தெளிவுதான். 43 அங்குலத்துக்கு மேல்தான் எச்டிக்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்குத் தெரியும். படுக்கையறைச் சின்னத் திரைக்கு இன்னொரு எச்டி இணைப்பு தேவையில்லை என்பது என் கருத்து.

இடத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கைபேசித் திசைகாட்டி, மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கு அருகில் பொய் சொல்லும், சூரியன் சொல்லாது. மார்ச் நடுவில் சில நாள்கள் மதுரை வானில் சூரியன் இந்தச் செயற்கைக்கோள்களின் பின்னாலேயே கடந்து போகிறது: காலை பத்தைத் தாண்டி ஐந்து நிமிடத்தில் 108.2 பாகை, பதினொன்றேகால் அளவில் 93.5 பாகை, நண்பகலை ஒட்டி 83 பாகை. செப்டம்பர் கடைசியிலும் இதே வரிசைதான், சுமார் இருபது நிமிடம் முன்னதாக. அந்த நேரத்தில் டிஷ் வைக்க நினைத்த இடத்தில் வெயில் விழுந்தால் அங்கே சிக்னலும் விழும். நிழல் விழுந்தால், டிஷ்ஷை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை அந்த நிழலின் விளிம்பே காட்டிவிடும். ஏற்கெனவே இணைப்பு இருப்பவர்களுக்கு அதே நாள்களில் சில நிமிடங்கள் படம் உடைந்தால், அது சூரியனின் இரைச்சல். பெட்டியை மாற்ற ஓட வேண்டாம்.