அம்மாவுக்கு ஓர் இடம்: பெஞ்சா, ஜியோகேஷா, லெட்டர்பாக்ஸா?

அம்மாவின் அஸ்தியை டர்பனில் உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூனில் கரைத்தோம். கல்லறை இல்லை. முதல் திவசம் முடிந்த அன்று, "ஆயாவைப் பார்க்கணும்னா எங்க போறது?" என்று தம்பியின் சின்னவள் கேட்டாள். பூங்காவில் அம்மா பெயரில் பெஞ்சு போடலாம் என்றான் தம்பி. என் மகள் ஜியோகேஷிங் என்றாள்: ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, ஜிபிஎஸ் எண்ணைக் கொடுத்து, தேடி வரவிடும் விளையாட்டு. நான் லெட்டர்பாக்ஸ் என்றேன்: அதுவும் ஒளித்துவைத்த பெட்டிதான், ஆனால் எழுதிவைத்த வழிக்குறிப்பைப் படித்து நடந்து கண்டுபிடிக்க வேண்டும்.

பெஞ்சுக்கு நான் எதிரி இல்லை. அப்பாவின் முழங்காலுக்கு அதுதான் சரி. ஆனால் இந்த ஊரில் பித்தளைத் தகடு எத்தனை நாள் நிற்கும்? பெயரைக் கல்லில் வெட்டினால் பிழைக்கும். யார் வந்தார்கள், எதை நினைத்து உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

ஜியோகேஷிங்கில் ஆள் வருவது நிச்சயம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ் துல்லியத்துக்குப் போட்டிருந்த தடையை நீக்கியதும், ஓரிகனில் டேவ் அல்மர் ஒரு வாளியை ஒளித்துவைத்து ஆரம்பித்த விளையாட்டு இது. ஃபோன் நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிடும். எண்ணிக்கைக்காக ஓடுகிறவர்கள் கையெழுத்துப் போட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். அம்மாவின் வீட்டுக்கு யாரோ வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போனதுபோல இருக்கும் எனக்கு.

லெட்டர்பாக்ஸிங் அதைவிடப் பழசு. 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில், கிரான்மியர் பூல் என்ற சதுப்பிடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு ஜாடி வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் அட்டையை அதில் போட்டார்கள். இன்று பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரை, ஒரு நோட்டு. வருகிறவர் பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் குத்திவிட்டுப் போவார். இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு: 1500இல் மாசல் பே கடற்கரை மரத்தில் போர்த்துகீசிய மாலுமி ஒருவர் பழைய செருப்புக்குள் வைத்துப்போன கடிதம், மறுவருடம் வந்த கப்பல்காரர் கையில் கிடைத்தது என்பார்கள். அந்த இடத்தில் இன்றும் பூட்ஸ் வடிவத் தபால்பெட்டி நிற்கிறது.

என்னை இழுத்தது குறிப்புகள்தான். அம்மாவுக்குத் தெருப்பெயர் எதுவும் தெரியாது. "குழாயைத் தாண்டி, கையை விரிச்ச மாதிரி ஒரு மரம் நிக்கும், அதுக்கு எதிர்ல" என்றுதான் வழி சொல்வாள். பெட்டிக்கு எழுதிய குறிப்பும் அதே பேச்சுதான். அவள் சொன்ன வழியில் நாலு பேர் நடக்கட்டுமே.

முத்திரைக்கு அவளுடைய முறுக்கு அச்சின் நட்சத்திரத் துளையைப் பெரிய அழிரப்பரில் செதுக்கினேன். கீழே 'அம்மா'. முதல் தடவை நேராகவே செதுக்கிவிட்டேன். குத்தியபோது எழுத்து திரும்பிக்கொண்டது. மெல்லிய தாளில் பென்சிலால் எழுதி, தாளைக் கவிழ்த்து ரப்பரில் தேய்த்து, மறுபடி செதுக்கினேன்.

குறைகளும் சின்னதில்லை. டர்பன் கோடைமழையில் நோட்டு பூஞ்சை பிடிக்கும். இறுக்க மூடும் டப்பா, உள்ளே ஜிப் பை, இரண்டும் வேண்டும். குரங்கு கையில் மாட்டினால் முடிந்தது. இடத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும், மண்ணைத் தோண்டக் கூடாது. இங்கே இதைத் தெரிந்தவர்களும் குறைவு: ஆறு மாதத்தில் ஏழு முத்திரைகள்தான். கூட்டம் வேண்டுமென்றால் ஜியோகேஷிங்கிலேயே 'லெட்டர்பாக்ஸ் ஹைப்ரிட்' என்று ஒரு வகை உண்டு, முத்திரையோடு பதிவுசெய்யலாம். மகள் அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருடம் செய்வேனோ என்னவோ. திவசம் எப்படியும் திவசம்தான், அதற்கு எந்தப் பெட்டியும் ஈடில்லை.

போன மாதம் நோட்டைத் திறந்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு ஹடீடா பறவை முத்திரை, ஓரத்தில் மை கசிந்திருந்தது. கீழே யாரோ ஒரு குஜராத்திப் பெண் எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டில் இது சக்ரி. என் பாட்டியிடமும் இதே நட்சத்திர அச்சுதான்."