டெல்டாக் களிமண்ணுக்கு ஏ.எஃப்.ஆ, தெர்மலா?

நாகப்பட்டினம் பக்கம் துளைத்தெடுத்த மண் உருளையில் (கோர்) உறைந்திருக்கும் பழைய காந்தத்தை, அதாவது மண் படிந்த காலத்துப் பூமியின் காந்தப் புலத்தின் திசையை, அளக்க வேண்டுமானால், அதன்மேல் பின்னாளில் ஏறிய காந்தத்தை முதலில் கழற்ற வேண்டும். படிப்படியாகச் சூடேற்றிக் கழற்றலாம், அது தெர்மல். கம்பிச் சுருளுக்குள் திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தில் வைத்துக் கழற்றலாம்; அது ஏ.எஃப். (alternating field). நான் ஏ.எஃப். பக்கம் போனேன்.

வேகத்தில் ஏ.எஃப். முந்தும், அது எல்லோருக்கும் தெரிந்ததே. என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: டெல்டாவின் கருஞ்சேறு சூடு தாங்காது. கிளறினால் அழுகிய முட்டை வாடை வருகிற சேறு அது. இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட், கிரைகைட் என்ற கனிமங்களாக அதில் உட்கார்ந்திருக்கும். 300 டிகிரி செல்சியஸை ஒட்டி கிரைகைட் சிதையத் தொடங்கும். 400ஐத் தாண்டினால் பைரைட்டிலிருந்து புதிதாக மேக்னடைட் என்ற வலுவான காந்தக் கனிமம் உருவாகும். அடுப்புக்குள் துளிப் புலம் மிஞ்சியிருந்தாலும், ஆறும்போது அந்த மேக்னடைட் அதைப் பதிந்துகொள்ளும். அப்புறம் நாம் அளப்பதெல்லாம் அடுப்பின் திசைதான். ஒவ்வொரு படி முடிந்ததும் காந்த ஏற்புத்திறனை (வெளிப்புலத்தில் மண் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை) அளந்தால் இது பிடிபடும்: மதிப்பு திடீரென எகிறினால் அதற்கு மேற்பட்ட அளவுகளை நம்ப முடியாது. கெட்ட துண்டை மீட்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு, ஈரக் களிமண்ணை அடைக்கும் பிளாஸ்டிக் டப்பாவை அடுப்பில் வைக்க முடியாது. வெளியே எடுத்துக் காயவைத்தால் மண் சுருங்கி வெடிக்கும், திசையும் நகரும்.

ஏ.எஃப்.பிலும் வில்லங்கம் உண்டு. அலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, சுருளுக்குள் பூமியின் புலம் கசிந்தாலோ மண்ணில் புதுக் காந்தம் ஏறிவிடும். அதே படியை மாதிரியைத் திருப்பி வைத்து இன்னொரு முறை செய்து, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். கிரைகைட் இருந்தால் இன்னொரு தொல்லை: உயர்ந்த புலத்தில், கடைசியாகப் புலம் கொடுத்த அச்சுக்குக் குறுக்கே பொய்க் காந்தம் முளைக்கும். அச்சுகளின் வரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தால் அது வெளிப்படும்.

தஞ்சாவூரை ஒட்டிய வல்லத்துச் செம்மண் வேறு கதை. அங்கே இருப்பவை ஹேமடைட், கோதைட் என்ற இரும்புக் கனிமங்கள். ஏ.எஃப்.பில் 100 மில்லிடெஸ்லா அளவுக்குப் புலம் கொடுத்தாலும் அவற்றின் காந்தம் அசையாது. கோதைட் 120 டிகிரி வாக்கிலேயே காந்தத்தை விட்டுவிடும், ஹேமடைட்டுக்கு 675 வரை ஏற வேண்டும். ஆக, தெர்மல்தான். அந்த மண்ணில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் ஒன்றுதான் சொல்வேன்: முழுத் தொகுதியையும் அடுப்பில் வைக்குமுன் ஒரு துண்டை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஏ.எஃப்.பிலும் மறுபாதியைத் தெர்மலிலும் போட்டுப் பாருங்கள்.